மோட்டாருக்கு வைத்த பொட்டு

மகனே,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டுமாம். உன் அம்மா நலம். நான் நலமாக இல்லை, ஆனால் அது வைத்தியரிடம் போய்ச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. உன் கல்யாணப் பத்திரிகை கடை மேசையில் கிடக்கிறது. வழக்கப்படி என் பெயரைத்தான் மேலே போட்டிருக்கிறாய். அந்தப் பத்திரிகையில் ஊரையெல்லாம் அழைக்கிறவன் நான். என்னை அழைத்தவர் யாரும் இல்லை. “நைனா வரணும்னு கட்டாயம் இல்ல, வந்தா சந்தோஷம்” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாயாம். பெற்றவனுக்குச் சொல்லி அனுப்புகிற பேச்சா அது? இரண்டு நாள் அந்தக் கோபத்திலேயே இருந்தேன். பிறகுதான் யோசித்தேன், அந்தப் பேச்சை உன் வாயில் போட்டவன் யார் என்று. அதனால் எழுதுகிறேன்.

தங்கவயலில் தாலி கட்டிவிட்டு அதே வாரம் வடக்கே போகிறாய். இரும்பு உருக்கும் ஆலையில் வேலை, ரயிலில் இரண்டு ராத்திரி தூரம் என்று அம்மா சொன்னாள். போ. தடுக்க எனக்கு முகம் இல்லை. ஆனால் ‘என் அப்பன் என் கைவேலையை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை’ என்ற எண்ணத்தோடு நீ ரயில் ஏறக் கூடாது. எனக்கு இப்போது இருக்கிற கவலை அது ஒன்றுதான். அதை ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். எனக்கு ஒரு வரியில் வராது. நான் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

எனக்கு இந்தத் தொழிலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நீ சிறுவயதிலிருந்தே கேட்டு அலுத்திருப்பாய். ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். வெள்ளைக்காரப் பட்டாளம் தான் தங்கியிருந்த பாரக்குகளைக் காலி செய்துகொண்டு போன வருஷம், நான் ஒரு துரை வீட்டுச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். துரை கப்பலேறினார், என் வேலையும் போயிற்று. பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு கத்திப் பெட்டியை எடுத்துவந்தேன். துருப்பிடித்தவை, முனை ஒடிந்தவை, பிடி கழன்றவை. அல்சூர் ஏரிக்கரையில் துணி துவைக்கிற கல்லில் அவற்றைத் தேய்த்துப் பார்த்தேன். பாதிப் பெட்டியைக் கெடுத்தேன், மீதியில் கற்றுக்கொண்டேன். பிறகு வாடிக்கைக்காரர்கள் கத்தியைச் சுற்றிக் கொண்டுவந்த காகிதங்களில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றேன். அப்படிக் கற்றவனுக்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடுகிறது. தான் பட்ட பாடு எல்லாமே அவசியமானது என்று நினைக்கிறான். அந்தப் பாடு படாமல் இன்னொருவன் அதே இடத்துக்கு வந்தால், அவன் எதையோ திருடிக்கொண்டு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

நீ தொழிற்சாலையில் பயிற்சி முடித்துவிட்டு, ஒரு ஜட்காவில் அந்தப் பச்சை மோட்டாரை ஏற்றிக்கொண்டு கடை வாசலில் இறங்கிய நாள் நினைவிருக்கிறது. பழைய மோட்டார்தான். நீயே பிரித்து, துடைத்து, சுருள் மாற்றி, சாணைச் சக்கரத்தைப் பொருத்தினாய். சுவிட்சைப் போட்டதும் தெருவே வந்து நின்றது. பொறி பறந்ததைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். நான் கல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “கத்தியைத் தீட்டச் சொன்னா மத்தாப்பு கொளுத்தறான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போது உனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதன் பிறகு கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நான் சொன்னது உனக்கு மனப்பாடமாக இருக்கும். கல்லில் தீட்டினால் இரும்பு குளிர்ச்சியாகவே இருக்கும், மோட்டாரில் பிடித்தால் சூடேறி விளிம்பில் நீலம் பாயும், நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, பிறகு அது தகரம்தான் என்பேன். கல் வேண்டிய அளவு இரும்பைத்தான் எடுக்கும், மோட்டார் அள்ளித் தின்னும், இன்று பட்டையாக இருக்கிற கத்தி நாளைக்கு ஊசியாகிவிடும் என்பேன். இதில் எதுவும் பொய் இல்லை. இப்போதும் அதையேதான் சொல்வேன். மீன் அரிகிற மெல்லிய கத்தி, நாவிதர் கத்தி, இவை இரண்டையும் கல்லிலும் தோல்வாரிலும்தான் முடிக்க வேண்டும். அதை மோட்டாரில் வைக்கிறவனை நான் கடைக்குள் விடமாட்டேன்.

ஆனால் நான் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. விளிம்பு உடைந்து பல் விழுந்த கத்தியைக் கல்லில் நேராக்க ஒரு காலை முழுதும் போகும், தோள் கழன்றுவிடும். அவ்வளவு நேரம் தேய்க்கிறவன் கை கடைசியில் ஆடும். ஆடினால் விளிம்பு உருண்டுபோகும். கனத்த கத்திக்கும் கோடாலிக்கும் சக்கரம் கொடுக்கிற ஒரே சீரான சரிவை என் கை கொடுத்ததே இல்லை. இதெல்லாம் உன் மோட்டார் வந்த முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. நீ கத்தியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை விளிம்புக்குப் பின்னாலேயே வைத்திருப்பாய். விரல் சூடு தாங்காதபோது உடனே எடுத்துத் தண்ணீரில் தோய்ப்பாய். மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி தண்ணீர். கையுறை போடச் சொன்ன அம்மாவிடம், “உறை போட்டா கத்தி பேசறது கேக்காதும்மா” என்றாய். உன் கையில் ஒரு கத்திகூட நீலம் பாயவில்லை. நான் குப்பைத்தொட்டியில்கூடத் தேடிப் பார்த்தேன். கெடுத்துவிட்டு ஒளித்து வைத்திருப்பாயோ என்று. ஒன்றும் இல்லை.

கறிக்கடை பாயின் வெட்டுக்கத்தி விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு முதல் நாளிலிருந்து வாடிக்கைக்காரர் அவர், என்னை உஸ்தாத் என்று கூப்பிடுகிறவர். அவருடைய பெரிய கத்தியை நான்தான் கல்லில் தீட்டிக் கொடுத்தேன். சவரம் செய்யலாம் போல இருந்தது. முன்கை மயிரை வழித்துக் காட்டி, “இதை அந்த மெஷினு பண்ணுமா பாய்?” என்று கேட்டுக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் தொடை எலும்பில் போட்டதும் விளிம்பில் நிலாத்துண்டு போலப் பல் விழுந்துவிட்டது. அவர் கொண்டுவந்து காட்டினார். நான் பார்த்த உடனே எனக்குப் புரிந்தது. எலும்பில் இறங்குகிற கத்திக்கு அவ்வளவு மெல்லிய விளிம்பு வைக்கக் கூடாது. உன்னை ஜெயிக்க வேண்டும் என்று வைத்தேன். பாயிடம் நான் சொன்னது, “இரும்பு மட்டம் பாய், கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான்.”

அவர் அந்தக் கத்தியை உன்னிடம் நீட்டினார். நீ சுவிட்சைப் போட்டாய். அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பல் போய்விட்டது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்ப்பதுபோல இருந்தேன், காது இங்கேதான் இருந்தது. பாய் உன்னிடம் கேட்டார், “நீ சொல்லு பேட்டா, இரும்பு நிஜமா மட்டமா?” நீ சுவிட்சை அணைத்தாய். பிறகு, “ஆமா பாய், இரும்பு கொஞ்சம் மட்டம்தான். பாத்து வெட்டுங்க” என்றாய்.

சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி பாய் கத்தியைக் கடையிலேயே விட்டுப் போனார். நீ சாப்பிடப் போனபோது நான் அந்தக் கத்தியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்புக்கு மேலே தடிப்பான சரிவு ஒன்று வைத்திருந்தாய். எலும்பு வெட்டுகிற கத்திக்கு எப்படி வைக்க வேண்டுமோ அப்படி. என் தப்பு என்ன என்று உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதைத் திருத்தினாய், மறைத்தாய், என்னிடமும் சொல்லவில்லை. வேறொரு அப்பனாக இருந்தால் அன்று அவன் நெஞ்சு நிறைந்திருக்கும். எனக்கு எரிந்தது. என் மகன் என்னைக் காப்பாற்றுகிற நிலைக்கு நான் வந்துவிட்டேனே என்று எரிந்தது. நீ பாயின் முன்னால் ‘நைனா தப்பா தீட்டிட்டாரு’ என்று சொல்லியிருந்தால்கூட உன்னைத் திட்டியிருப்பேன், நீ திருப்பிப் பேசியிருப்பாய், இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜை. கடையைக் கழுவிவிட்டோம். கல், தோல்வார், வாடிக்கைக்காரர்களின் கத்திகள் எல்லாவற்றையும் வாழையிலை மேல் அடுக்கினேன். உன் மோட்டார் மூலையில் அதன் இடத்திலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் உன் அம்மா அதற்குச் சந்தனம் பூசி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றிவிட்டிருந்தாள். தெருக்காரர்கள், ஓட்டல் சமையல்காரர், வாசலில் பொரி வாங்க நின்ற பாய், எல்லோரும் இருந்தார்கள். பூசணிக்காயும் தயாராக இருந்தது. நான் நேரே போய், தோளிலிருந்த துண்டை எடுத்து, அந்தப் பொட்டைத் துடைத்தேன். சந்தனம் போகவில்லை, அழுத்தித் துடைத்தேன்.

“இன்னாய்யா இது, வச்ச பொட்டை அழிக்கிற?” என்றாள் அம்மா.

“உழைச்ச சாமானுக்குத்தான் பூஜை. கரண்டுல சுத்தறதுக்கு இன்னா உழைப்பு?” என்றேன்.

பாய் வாசலிலிருந்தே, “உஸ்தாத், மெஷினு உங்களை இன்னா பண்ணிச்சு?” என்று மெதுவாகக் கேட்டார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் பொரியை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இருக்கட்டும் நைனா. நீ கற்பூரத்தைக் காட்டு, நேரமாவுது” என்றாய். நான் காட்டினேன். மறுநாள் விஜயதசமி. ஊரில் எல்லோரும் தொழிலைப் புதிதாகத் தொடங்குகிற காலையில், நீ முட்டி போட்டுக்கொண்டு தரையிலிருந்த போல்ட்டுகளைக் கழற்றினாய். நான் வாசலில் உட்கார்ந்து நாளிதழ் படித்தேன். ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை, ஆனால் தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை, ‘எங்கடா போற’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீயாவது என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன்.

மர்பி டவுனில் அறை எடுத்துக்கொண்டு மறுபடி தொழிற்சாலைக்கே போய்விட்டாய். நம் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்த வாரமே ஓட்டல் சமையல்காரர் கத்திக் கட்டோடு வந்து, மூலையைப் பார்த்துவிட்டு, “ஹுடுக எல்லி?” என்று கன்னடத்தில் கேட்டார், பையன் எங்கே என்று. “ஊரிகெ ஹோகித்தானெ” என்றேன். ஊருக்குப் போயிருக்கிறானாம். நமக்கு எந்த ஊர்? அவர் இன்றுவரை ஒவ்வொரு தடவையும் கேட்கிறார், ஊரிலிருந்து வந்துவிட்டானா என்று. நானும் இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பெரிய ஓட்டலில் சமைக்கிறவர், நீ தீட்டிய காய்கறிக் கத்தி வாரம் முழுக்கத் தாங்கியதாம். என்னிடமே சொல்கிறார். தலையாட்டுகிறேன்.

நீ மோட்டாரை விற்றுவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது, யாரிடம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சிவாஜிநகரில் ஒரு சந்தில் சாணைக்கடை வைத்திருக்கிறவனிடம் என்றார்கள். இதை உன் அம்மாவிடமும் நான் சொன்னதில்லை: ஒருநாள் பல் விழுந்த பழைய கத்தி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். அந்தப் பட்டாளத்துப் பெட்டியில் மிச்சமிருந்தது அது, நல்ல எஃகு. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. அதே பச்சை மோட்டார். நீ போட்ட அதே சக்கரம், கொஞ்சம் தேய்ந்திருந்தது. அவன் பீடியைக் கடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான், கத்தியைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினான். தண்ணீர் டப்பா பக்கத்தில் இருந்தது, தொடவே இல்லை. முதலில் வைக்கோல் நிறம் வந்தது, பிறகு பழுப்பு, பிறகு முனையிலிருந்து பாதி வரைக்கும் நீலம். “பளபளன்னு ஆயிடுச்சு பெரியவரே” என்று கையில் கொடுத்தான். வீட்டுக்கு வந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுப் பார்த்தேன். விளிம்பு மடங்கிப் போயிற்று.

நான் மோட்டாரைப் பற்றி ஊரெல்லாம் சொன்னது அத்தனையும் அந்தக் கத்தியில் நடந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன் நான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரே மோட்டார்தான், ஒரே சக்கரம்தான். நீ அதில் கத்தி பிடித்தபோது இது நடக்கவில்லை. அப்படியானால் நான் துடைத்தது மோட்டாரின் பொட்டை அல்ல. உன் கட்டைவிரல் பட்ட சூட்டையும், நீ ஒவ்வொரு இழுப்புக்கும் பார்த்த பொறுமையையும், உழைப்பில்லை என்று சொல்லி நாலு பேர் முன்னால் துடைத்தேன். அன்றைக்கே மர்பி டவுனுக்கு நடந்து வந்திருக்க வேண்டும். ஏரிக்கரை வரைக்கும் வந்தேன். அங்கிருந்து திரும்பிவிட்டேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதலாம். அது பொய். என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் திரும்பினேன்.

புத்தி சொல்வது அப்பன் வேலை என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன் வீட்டில், உன் தப்பு ஒன்றை உன் மனைவி நாலு பேர் முன்னால் மறைத்துப் பேசுவாள். கட்டாயம் ஒருநாள் நடக்கும். அப்போது உனக்குள் நன்றி வராமல் எரிச்சல் வந்தால், அது என்னிடமிருந்து உனக்கு வந்தது என்று தெரிந்துகொள். அந்த நேரத்தில் அவள் சமைத்ததையோ தைத்ததையோ குறைசொல்ல வாய் துடிக்கும். எழுந்து வெளியே போய்விடு. அவள் செய்ததில் நன்றாக இருந்ததை அவளிடம் அன்றே சொல்லிவிடு. நாள் போகப்போக அந்த வார்த்தைக்கு எடை ஏறிக்கொண்டே போகிறது, பிறகு தூக்க முடிவதில்லை. உன் அம்மாவிடமும் நான் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. அன்றிலிருந்து அவள் ஆயுத பூஜைக்குக் கடைக்குள் வருவதில்லை, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விடுகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி எழுத வேண்டியது அந்த ஒரு வரிதான். உன் வேலை நல்ல வேலை. நான் தீட்டியதைவிட நல்ல வேலை, பாயின் கத்தியில் மட்டும் அல்ல. எனக்கு அது அப்போதே தெரியும்.

எழுதிவிட்டேன். ஆனால் இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டி அனுப்புவது கள்ளத்தனம். அவமானப்படுத்தியது கூட்டத்துக்கு நடுவில், ஒப்புக்கொள்வது மட்டும் காதோடு காதாகவா? கல்யாணத்துக்கு நான் வருகிறேன். நீ அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் வருகிறேன், பத்திரிகையில் என் பெயர் இருக்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து பஸ் பேசியிருக்கிறார்கள். பாய் வருகிறார், ஓட்டல் சமையல்காரரும் வருகிறார், அன்றைக்குக் கடையில் நின்றவர்களில் அநேகமாக எல்லோரும் வருகிறார்கள். தாலி கட்டி முடிந்து, பந்திக்கு உட்காருவதற்கு முன்னால், நான் எழுந்து நின்று இதைச் சொல்லப்போகிறேன்.

என் வாய் எனக்குத் தெரியும். எழுந்து நின்றதும் வேறு எதையாவது பேசுவேன். சாம்பாரில் உப்பு என்பேன், பஸ்காரன் தாமதம் என்பேன், கடைசியில் யாரையாவது திட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படி நடந்தால் நீ கூச்சப்படாதே. இந்தக் கடிதத்தை வேட்டி மடிப்பிலோ சட்டைப்பையிலோ வைத்திரு. எடுத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. உன் மனைவியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள், அவளும் கேட்க வேண்டும். நான் நடுவில் எழுந்து மண்டபத்துக்கு வெளியே போனாலும் நிறுத்தாதே. கேட்கிற தூரத்தில்தான் நிற்பேன்.

உன் அப்பன்